இறால் போடாத சமாதானம்

சென்ற மாதம் என்னை ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பார்த்து முடித்து, முதுகுவலியைக் காட்டி முன்கூட்டியே ஓய்வும் பெற்றுவிட்ட ஒரு வேலையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருவதற்காக. மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள். போனேன்.

தேர்தல் வரப்போகிற வருஷம் இது. ரங்கூனில் இப்போது நல்லாட்சி, நீதி, நல்லிணக்கம் என்ற சொற்களெல்லாம் மழைக்கு முந்திய ஈசல் மாதிரி ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. நல்ல சொற்கள்தான். கரண்ட் இருந்த நாட்களில் இந்த விஷயமாகக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தவன் என்பதால் எனக்கும் அவற்றின் மேல் மரியாதை உண்டு. என் வேலையில் எந்த இடத்தில் அவற்றைப் பொருத்துவது என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை.

வகுப்பு நடத்திய மா ஸூ வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நாற்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்து, சச்சரவுகளைத் தீர்க்க நீங்கள் பயன்படுத்திய கருவி எது என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் பொறுமை, பேச்சுவார்த்தை, சட்டம் என்று எழுதினார்கள். நான் ‘லப்பெ’ என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மற்றவர்கள் தாளெல்லாம் சுவரில் இருந்தது. என்னுடையதைத் தேநீர் ஏற்பாடு பார்க்கிறவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

இடைவேளையில் மா ஸூ வந்து விசாரித்தார். சொல்லத் தொடங்கினேன். பாதியில் இடைவேளை முடிந்துவிட்டது.

பர்மாப் பக்கம் வராதவர்களுக்காக: லப்பெ என்பது புளிக்க வைத்த தேயிலை. வட்டமான அரக்குப் பெட்டியின் நடு அறையில் அதை வைத்து, சுற்றியுள்ள அறைகளில் வறுத்த பூண்டு, பயறு, எள், வேர்க்கடலை, காய்ந்த இறால் எல்லாம் நிரப்பி, விருந்தாளி வந்தால் முன்னே நகர்த்துவார்கள். முதல் வாய்க்குக் கசக்கும். மூன்றாவது வாய்க்குப் பிறகு அடுத்தவர் பங்கின் மேல் கண் போகும்.

எண்பத்தெட்டுக்கு முன் நான் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஆட்சிக்கு எதிராக நாடே கிளம்பிய கலவரத்தில் அலுவலகம் போயிற்று. ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வார்டுக்குச் சில வாரங்கள் அரசாங்கமே இல்லை. சந்துக்குச் சந்து மூங்கில் வேலி போட்டுப் பையன்கள் காவல் இருந்தார்கள். பிறகு ராணுவம் வந்தது, வேலிகள் போயின, வார்டு அலுவலகத்துக்கு ஒரு கிளார்க் தேவைப்பட்டார். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், தாத்தாவும் கிளார்க். எங்கள் குடும்பத்தில் தைரியம் எவ்வளவு இருந்தது என்று தெரியாது, கையெழுத்து நன்றாக இருக்கும். சேர்ந்துகொண்டேன்.

வார்டுத் தலைவரை எல்லோரும் ஸயாஜீ என்போம். பெரிய வாத்தியார் என்று அர்த்தம். உண்மையில் அவர் வாத்தியாரே இல்லை, நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏன் தலைவரானீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வந்து கேட்டபோது மறுக்கச் சட்டென்று ஒரு காரணம் தோன்றவில்லை என்றார்.

வார்டுக்கு வரும் வழக்குகள் வாய்க்கால், வேலி, சேவல், கடன், அடுத்த வீட்டு ரேடியோ. ஸயாஜீ இருதரப்பையும் எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி உட்கார வைப்பார். சுவரில் நின்றுபோன கடிகாரம் ஒன்று. “எதிரே உட்கார்ந்தால் சண்டைக்காரர்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ் பிரயாணிகள்” என்பார். இரண்டு பேரும் கடிகாரத்திடம்தான் பேசுவார்கள். முதல் கேள்வி எப்போதும் வீட்டில் இன்று என்ன சமைத்தீர்கள் என்பதுதான். கடைசிக் கேள்வி, எது கிடைத்தால் எழுந்து வீட்டுக்குப் போவீர்கள் என்பது. நடுவில் அவர் சுருட்டைப் பற்றவைப்பதும் அது அணைவதுமாக நேரம் போகும்.

எல்லாம் முடிந்தால் மேஜை மேல் மூடியிருக்கும் லப்பெப் பெட்டியைத் திறப்பார். இருவரும் நடு அறையிலிருந்து விரலால் எடுத்துத் தின்ன வேண்டும். ராஜாக்கள் காலத்தில் வழக்காடினவர்கள் அப்படித்தான் தீர்ப்பை ஒப்புக்கொள்வார்களாம். தின்றபின் மேல்முறையீடு கிடையாது. இன்றைய சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. அது ஸயாஜீக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரம், இரண்டு வீட்டுக்காரிகள் ஒரு சாக்கடைக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் காலையில் சாப்பிடவில்லை. விருந்தோம்பல் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி தின்றுவிட்டேன். ஸயாஜீ வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டு, ஐயா என்பதுபோல ‘ஊ’ சேர்த்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஊ அருள், வழக்கு இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள நீங்க தீர்ப்ப ஒத்துக்கிட்டீங்க.”

பிறகு தனியாக விதியைச் சொன்னார். நடந்ததைப் பேசலாம், கதையாகக்கூடச் சொல்லலாம். ஆனால் தின்றவன் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து, எழுதுகிறவன் வாயும் கட்டுப்பட்டிருப்பது நல்லது என்று, எல்லா வழக்கிலும் எனக்கும் ஒரு பங்கு வந்தது. அந்தச் சாக்கடை எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

இனி நான் மா ஸூவிடம் சொல்லி முடிக்காத வழக்கு.

எங்கள் சந்து முனையில் தங்கவேலு அண்ணன் அரிசிக்கடை வைத்திருந்தார். அவருடைய தாத்தா ரயில்வேக்கு வந்தவர், அப்பா கடை போட்டவர். எண்பத்தெட்டில் அந்த அரசாங்கமில்லாத வாரங்களில், பதுக்கல்காரன் என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் கடையை உடைத்து மூட்டைகளைத் தூக்கிப்போயிற்று. அப்பா பெயர் எழுதிய பலகையையும் பிடுங்கி மூங்கில் வேலிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்கள். முன்னால் நின்ற பையன்களில் ஒருவன் கோ மோ. நாலு வீடு தள்ளி மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் டோ மியா அம்மாவின் ஒரே மகன். ராணுவம் வந்தபின் யாரோ பெயர் கொடுத்து அவனைப் பிடித்துப்போனார்கள். சிறைக்குப் போனான். பெயர் கொடுத்தது அரிசிக்கடைக்காரர்தான் என்று டோ மியா முடிவு கட்டிவிட்டார். அண்ணன் கடை வாசலைத் தாண்டும்போது குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார், வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும்.

வருஷங்கள் கழித்துக் கோ மோ விடுதலையாகி வந்தான். வந்தவனுக்கு வீட்டில் இடமில்லை. அம்மா மனதில் இருந்தது, அட்டையில் இல்லை. சிறைக்குப் போனதும் குடும்ப அட்டையிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க, பத்து வீட்டுக்கு ஒருவராக நியமித்திருக்கும் தலைவர் இவர் நம்ம ஆள்தான், நான் பொறுப்பு என்று வார்டில் வந்து சொல்ல வேண்டும். அந்தப் பத்து வீட்டுக்குத் தலைவர் தங்கவேலு அண்ணன். அவர் மாட்டேன் என்றால் கோ மோ வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

வழக்கன்று கோ மோ வந்ததை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. அவன் அதன் முன்னே நின்றான். யாராவது வா என்று சொல்லும்வரை நின்றான். பிறகு கதவோரம், முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துகொண்டான்.

அண்ணனும் டோ மியாவும் பெஞ்சில், கடிகாரத்தைப் பார்த்தபடி. என்ன சமையல் என்று ஸயாஜீ கேட்டார்.

“மொஹிங்கா விக்கிறவகிட்ட இதையும் ஒரு கேள்வின்னு கேக்குறீங்களே, ஸயாஜீ.”

அண்ணன், இப்போதைக்குத் தன் வீட்டில் சமையல் கோயிலை ஒட்டித்தான் என்றார். அதன் பொருள் எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அன்று சுருட்டு பல தடவை அணைந்தது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் டோ மியா கடிகாரத்திடம் சொன்னார்: “எம் பிள்ள பேரக் கொடுத்தது நாந்தான்னு இந்த ஆளு வாயால சொல்லட்டும். போயிடறேன்.”

அண்ணனும் அதே கடிகாரத்திடம் சொன்னார்: “பதுக்கல்காரன்னு என்னைய இந்தச் சந்தே கத்துச்சு. அது பொய்யின்னு இவங்க சொல்லட்டும். அப்புறம் நான் பொறுப்பேத்துக்கிறேன்.”

போன அரிசிக்கு ஈடு கேட்டு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் அன்றே குறித்துக்கொண்டேன், மனதில்தான்.

அப்போது கதவோரத்திலிருந்து கோ மோ பேசினான். அன்று அவன் பேசியதே அவ்வளவுதான். “அம்மா, பேரு கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். உள்ள இருக்கையிலேயே தெரிஞ்சுபோச்சு. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க. எனக்கு நம்ம வீட்டுல படுக்கணும்.”

தெருவில் பஸ் ஒன்று போய் முடிந்தது. ஸயாஜீ டோ மியாவின் பக்கம் திரும்பாமலே, சிறைக்குப் போனவரே வேண்டாம் என்கிறார், இனி யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். டோ மியா தலைப்பூவைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, திரும்பவும் சரிசெய்தார். பிறகு சொன்னார்: “அரிசிய அவர் பதுக்கல. மறுநா விக்க வெச்சிருந்த மூட்ட. தினம் அவர் கடையில வாங்குறவளுக்கு அது தெரியாதா?”

அண்ணனுடைய தோள் இறங்கியது. பொறுப்பேற்றுக்கொள்கிறேன் என்றார். ஸயாஜீ மூடியைத் திறந்தார். டோ மியா விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அண்ணனின் கை பெட்டிவரை போயிற்று. அங்கேயே நின்றது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, காப்பு. அம்மன் கோயில் தீமிதிக்கு விரதம் இருந்தார். புலால் ஆகாது, பூண்டு ஆகாது, வெளியில் தண்ணீர்கூட ஆகாது. பெட்டியிலோ எல்லாம் கலந்து இறால் மணக்கிறது. கையை எடுத்துக்கொண்டு, என்னால் தின்ன முடியாது என்று மொட்டையாகப் பர்மிய மொழியில் சொன்னார்.

டோ மியா எழுந்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து விரதத்தை விளக்கினேன். நான் கிறிஸ்தவன். தீமிதியில் ஆரம்பித்துப் பாதியில் தவக்காலத்துக்குப் போய், இடையில் சாம்பல் புதனையும் சேர்த்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு அண்ணன் எந்த மதம் என்பதிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

“அவங்க சாமி அவங்களுக்கு,” என்றார் டோ மியா. “நான் தின்னாச்சு, அவர் தின்னல. எனக்கு வாயக் கட்டியாச்சு, அவருக்குக் கட்டல. இது என்ன ஞாயம்?”

நான் படித்த புத்தகங்களையெல்லாம் மனதில் புரட்டினேன். இறாலைப் பற்றி எதிலும் இல்லை. கதவோரத்தில் கோ மோ எழுந்து நின்றுவிட்டான், எங்கே போகச் சொல்வார்கள் என்று கேட்கத் தயாரானவன் மாதிரி.

ஸயாஜீ பெட்டியை மூடினார். காப்பு எப்போது அவிழும் என்று கேட்டார். தீமிதி முடிந்ததும் என்றார் அண்ணன். அதுவரை கோ மோ அம்மா வீட்டில் விருந்தாளி என்றார் ஸயாஜீ. எங்கள் ஊரில் இரவு தங்கும் விருந்தாளியை வார்டில் சொல்லியாக வேண்டும். வழக்கமாக யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த விருந்தாளியைப் பத்து வீட்டுத் தலைவர் தினமும் சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்றார். அந்தச் சட்டத்தைப் பிறகு நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் சாயங்காலம் நானும் கூடப் போனேன். கடமை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். என் மனைவி மேரி நம்பவில்லை. மஞ்சள் வேட்டி, வெறுங்கால், திருநீறு. அண்ணன் அந்த மூங்கில் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

“விருந்தாளி உண்டா?”

“உண்டு.”

“எத்தன?”

“ஒண்ணு.”

அந்த ஒன்று வாசல்படியில் உட்கார்ந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, பாத்தியா? அப்பா பேரு அங்க கோழிக்கூட்டுல இருக்கு.” வேலியைப் பிரித்தபோது ஆளாளுக்கு எடுத்துப்போன பலகைகளில் அது ஒன்று. தமிழ் எழுத்துகள் தலைகீழாக, கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தன. டோ மியாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கடைப் பலகை என்று தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்தடுத்த சாயங்காலங்களில் கேள்வி நீண்டது. சூடான சரளைக்கல்லில் வெறுங்காலோடு ஏன் வர வேண்டும் என்று டோ மியா கேட்டார். பதிலைக் கேட்டு, நெருப்பில் நடக்கப்போகிறவருக்கு இது ஒத்திகையாக்கும் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே கோ மோ சிரித்த சத்தம் கேட்டது. ஒருநாள் என்னைக் கடையில் பிடித்துக் குறுக்கு விசாரணை செய்தார். இறால் மட்டும்தான் ஆகாதா, பூண்டுமா, கடலை எண்ணெய் பரவாயில்லையா? எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். இந்தத் தடவை தவக்காலத்தைச் சேர்க்கவில்லை. இன்னொரு நாள் நாங்கள் போனபோது அந்தப் பலகை கழுவி, மூங்கில் கதவில் சாய்த்து வைத்திருந்தது. கோழிக்கூட்டுக்குத் தகரக் கதவு வந்திருந்தது. அண்ணன் விருந்தாளியை விசாரித்துவிட்டு, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்தபின் திரும்ப உட்கார்ந்தோம். ஸயாஜீ பெட்டியை எடுக்குமுன் டோ மியா ஒரு தூக்குச்சட்டியை மேஜையில் வைத்தார். வெறும் லப்பெ, எள், பயறு, கடலை. பூண்டு கிடையாது, இறால் கிடையாது.

அண்ணனுக்குச் சங்கடமாகிவிட்டது. “வெரதம் முடிஞ்சிருச்சும்மா. இப்ப எல்லாம் தின்னுவேன்.”

“தெரியும்,” என்றார் டோ மியா. “நாளைக்கு ஒரு சாக்கு மிச்சம் இருக்கக் கூடாதில்ல? அதான் போடல.”

அண்ணன் தின்றார். டோ மியா இரண்டாம் தடவையாகத் தின்றார். கோ மோவைக் கூப்பிட்டார்கள், வந்து தின்றான். ஸயாஜீ தானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, சட்டியை என் பக்கம் நகர்த்தினார். இறால் போடாத லப்பெ சுமார்தான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அன்றே கோ மோவின் பெயர் அட்டையில் ஏறியது.

இப்போது அவன் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஹ்லைங் தாயா தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறான். சில சமயம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அவன் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு போவேன். அந்தத் தலைக்குள் காட்டிக்கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கோபத்தில் அண்ணன் சொல்லியிருக்கலாம். அல்லது மொஹிங்காக் கடையில், எங்கே பார்த்தாலும் என் பிள்ளைதான் முன்னால் நிற்கிறான் என்று பெருமையாகப் பேசிய டோ மியாவின் வாயிலிருந்தே, சாப்பிட வந்த யாரோ ஒருவர் காதுக்குப் போயிருக்கலாம். அவர் அப்படிப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். இரண்டுமில்லாமல் சந்தில் வேறு யாராகவும் இருக்கலாம். சந்தில் நானும் இருந்தேன், மேரியும் இருந்தாள். ஆக எல்லோரையும் சந்தேகித்துப் பார்த்தாயிற்று.

ஸயாஜீ இறந்து சில வருஷங்களுக்குப் பின், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய கையோடு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டே இருந்தார். “தம்பி, அந்தப் பேரு விஷயம். ஒங்கிட்டயாவது சொல்லிரணும்போல இருக்கு.”

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. ஒன்றும் கேட்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும், அவரே சொல்லிவிடுவார். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. “அண்ணே, அன்னைக்கு நானும் தின்னவன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேரிக்கு அந்தக் குழப்பம் இல்லை. “சொல்ல வந்த மனுசனத் தடுத்துப்புட்டு, இப்ப கூரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள். அவள் லப்பெ தின்னவில்லை. அவளே போய்க் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

வகுப்பு முடிந்ததும் மா ஸூ என்னைத் தேடி வந்தார். பாதிக் கதைதான் கேட்டிருந்தாலும் சரியான கேள்வியைக் கேட்டார். உண்மை வெளியே வராத அமைதி எத்தனை நாளைக்கு நிற்கும், மாமா? நல்ல கேள்வி. நிற்காது என்றுதான் நான் படித்த புத்தகங்களும் சொல்கின்றன. எங்கள் சந்தில் இதுவரை நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்க்காரரிடமிருந்து என் மஞ்சள் தாளை வாங்கி, அதில் ஒரு கேள்விக்குறி போட்டுச் சுவரில் ஒட்டினார்.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் வரும்போது சாயங்காலம். டோ மியா வீட்டு வேலிக்கு வெளியே தங்கவேலு அண்ணன் கைத்தடியோடு நின்றிருந்தார். விரதம் இல்லை, வழக்கு இல்லை, பத்து வீட்டுத் தலைவர் பதவியும் போய் வெகுநாளாகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

“விருந்தாளி உண்டா?”

உள்ளே தட்டுகள் கழுவும் சத்தம் நின்றது. “யாருமில்ல,” என்றார் டோ மியா. “வீட்டு ஆளுங்கதான்.”

அண்ணன் சரி என்று தலையசைத்துவிட்டுத் தடியை ஊன்றி நடந்தார். நான் என் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு, யாருடையது என்று தெரியாத அந்தச் சாக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போனேன்.